பருப்பு வேகாத தண்ணீர் - ஜவ்வாது மலையும் கடின நீரின் வரலாறும்

நம் ஊர்களில் தண்ணீரைச் சோதிக்கப் பரிசோதனைக் கூடம் வருவதற்கு முன்பே ஒரு சோதனை இருந்தது. "இந்தக் கிணத்துத் தண்ணியில பருப்பு வேகுமா?" என்று கேட்பார்கள். வெந்தால் நல்ல தண்ணீர். வேகாவிட்டால் உப்புத் தண்ணீர், சப்பைத் தண்ணீர், சவர் தண்ணீர் என்று ஊருக்கு ஒரு பெயர். பெண் கொடுக்கும் வீட்டார் மாப்பிள்ளை ஊரின் தண்ணீரைப் பற்றி விசாரித்ததும் உண்டு. சமைக்கப்போவதும் துவைக்கப்போவதும் பெண்தானே!

இந்தச் சோதனை மூடநம்பிக்கை அல்ல. பருப்பின் தோலிலும் சதையிலும் பெக்டின் என்ற பொருள் இருக்கிறது. தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம் இருந்தால் அவை பெக்டினோடு பிணைந்து பருப்பை இறுக்கிவிடும். எவ்வளவு விறகு எரித்தாலும் பருப்பு கரையாது. சோப்பு நுரைக்காததற்கும், தலைமுடி சிக்காவதற்கும், பாத்திரத்தில் வெள்ளைக் காறை படிவதற்கும் காரணம் இதே இரண்டு உலோகங்கள்தான். இவை அதிகம் உள்ள நீரைத்தான் கடின நீர் என்கிறோம்.

ஒரே மாவட்டத்துக்குள் ஓர் ஊரில் பருப்பு வேகிறது, பக்கத்து ஊரில் வேகவில்லை. ஏன்? இதற்கு விடை தேட ஜவ்வாது மலை நல்ல இடம். மலை, மலையடிவாரம், சமவெளி மூன்றும் அங்கே அருகருகே இருக்கின்றன.

மலை மேல் மென்மை

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. திருவண்ணாமலை, வேலூர், திருப்பத்தூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. உயரம் ஏறக்குறைய 1100 மீட்டர். ஜமுனாமரத்தூர்தான் மலையின் முக்கிய ஊர். மலையாளி என்று அழைக்கப்படும் தமிழ் பேசும் பழங்குடியினர் இங்கே வாழ்கிறார்கள். மலைபடுகடாம் பாடும் சேயாறு, அதாவது இன்றைய செய்யாறு, இங்கேதான் பிறக்கிறது. செங்கம் பக்கமாக இறங்கி ஓடி, திருமுக்கூடலில் பாலாற்றோடு கலக்கிறது.

மலையின் பாறைகள் சார்னோக்கைட், நைஸ் போன்ற மிகப் பழைய கடினப் பாறைகள். (சென்னை பல்லாவரத்தில் கிடைக்கும் அதே சார்னோக்கைட்தான். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை வைத்து தாமஸ் ஹாலண்ட் என்ற நிலவியல் அறிஞர் சூட்டிய பெயர் இது.) இந்தப் பாறைகள் தண்ணீரில் அவ்வளவு எளிதில் கரைவதில்லை.

மழை நீரில் கால்சியமோ மக்னீசியமோ ஏறக்குறைய இல்லை. அது மண்ணுக்குள் இறங்கும்போது மண்ணில் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் பாறையை மெல்ல மெல்ல அரிக்கிறது. எவ்வளவு நாள் பாறையோடு இருக்கிறதோ அவ்வளவுக்கு உப்பு ஏறும். மலையில் பெய்த மழை சில நாட்களிலோ மாதங்களிலோ சுனையாகவும் ஓடையாகவும் வெளியே வந்துவிடுவதால், அதற்கு உப்பு சேர்க்க நேரம் இல்லை. அதனால்தான் மலை ஊற்று நீர் பொதுவாக மென்னீர்.

கோயம்புத்தூர்க்காரர்கள் சிறுவாணி நீரைப் பற்றிப் பெருமை பேசுவதன் ரகசியமும் இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழை, பாறையோடு அதிகம் பழகாமல் குழாய்க்கு வந்துவிடுகிறது.

மலையடியில் கடினம்

மலையை விட்டு மேற்கே திருப்பத்தூர் பக்கம் இறங்கினால் நிலத்தின் கதை மாறுகிறது. ஏலகிரி மலைக்கும் திருப்பத்தூருக்கும் அருகே சேவாத்தூர் என்ற ஊர் இருக்கிறது. நிலவியல் மாணவர்களுக்கு இது பிரபலமான பெயர். இங்கே கார்பனடைட் என்ற அபூர்வமான பாறை உள்ளது. எரிமலைக் குழம்பு போலப் பூமிக்குள் இருந்து வந்த பாறை, ஆனால் அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சுருங்கச் சொன்னால் நெருப்பில் பிறந்த சுண்ணாம்புக்கல். எழுபது, எண்பது கோடி ஆண்டுப் பழமை உடையது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமல்பட்டியிலும் இதே வகைப் பாறை உண்டு. இப்படிப்பட்ட பாறை வழியே போகும் நீர் கால்சியத்தை எளிதாகக் கரைத்துக்கொள்ளும்.

சமவெளியில் இன்னொரு காரணமும் இருக்கிறது. வெயிலில் மண்ணின் ஈரம் ஆவியாகும்போது கரைந்திருந்த கால்சியம் பின்தங்கி, மண்ணுக்கு அடியில் வெள்ளை முடிச்சுகளாக உறைகிறது. இதுதான் சுக்காங்கல். அந்தக் காலத்தில் இதைத் தோண்டிக் காளவாயில் சுட்டுத்தான் வீடு கட்டச் சுண்ணாம்பு எடுத்தார்கள். சுக்கான் படிந்த நிலத்தில் கிணறு வெட்டினால் தண்ணீர் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் பேசும் நிலம் முழுக்க இந்த வேறுபாட்டைப் பார்க்கலாம். அரியலூரின் சுண்ணாம்புப் பாறை சிமெண்ட் ஆலைகளுக்கு வரம், சமையலறைக்குத் தொல்லை. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அங்கே வற்றாத ஆறும் இல்லை, கிணறுதான் எல்லாம். அதனால் கடின நீர் அங்கே தலைமுறை தலைமுறையான பழக்கம்.

அளவு எப்படிச் சொல்கிறார்கள்? ஒரு லிட்டரில் எத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான கடினம் இருக்கிறது என்பதுதான் கணக்கு. 60 வரை மென்னீர், 120க்கு மேல் கடின நீர், 180க்கு மேல் மிகக் கடினம் என்பது பரவலாகப் பயன்படும் பிரிவு. இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) 1991 பதிப்பில் 300 வரை விரும்பத்தக்கது என்றது. 2012 பதிப்பில் அதை 200 ஆகக் குறைத்தார்கள். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கலாம்.

வண்ணாரின் வேதியியல்

கடின நீரை மாற்றும் வித்தை நம் ஊருக்குப் புதிதல்ல. சலவைத் தொழிலாளர்கள் பயன்படுத்திய உவர்மண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் சில நிலங்களில் வெள்ளையாகப் பூக்கும் மண் அது. அதில் சோடியம் கார்பனேட் இருக்கிறது. இன்று கடையில் சலவை சோடா என்று விற்பதும் அதே பொருள்தான். இது தண்ணீரில் சேர்ந்ததும் கால்சியத்தைப் பிடித்து அடியில் படிய வைத்துவிடும். நீர் மென்மையாகும், அழுக்கும் போகும். காரணம் தெரியாமலே சரியான மருந்தைக் கண்டுபிடித்திருந்தார்கள்.

சீயக்காயும் பூந்திக்கொட்டையும் அப்படித்தான். அவற்றின் நுரை சபோனின் என்ற பொருளால் வருகிறது. சோப்பைப் போல கால்சியத்தோடு சேர்ந்து திரிந்துபோவதில்லை. கடின நீரிலும் வேலை செய்யும்.

ஆனால் எல்லா வீட்டு வைத்தியமும் கடினத்துக்கு மருந்து அல்ல. தேற்றாங்கொட்டையை உரசிக் கலங்கிய நீரைத் தெளிய வைப்பது கலித்தொகை காலத்திலேயே தெரிந்த முறை. அது மண் கலங்கலைத்தான் தெளிய வைக்கும், கரைந்த கால்சியத்தைத் தொடாது. படிகாரமும் அப்படியே. தெளிவு வேறு, மென்மை வேறு. பளிங்கு போலத் தெளிந்த நீரிலும் பருப்பு வேகாமல் போகலாம்!

கடினத்திலேயே இரண்டு வகை உண்டு. பைகார்பனேட்டால் வருவது தற்காலிகக் கடினம். கொதிக்க வைத்தால் காறையாகப் படிந்து போய்விடும். சல்பேட், குளோரைடால் வருவது நிரந்தரக் கடினம். அது எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் இருக்கும் வெள்ளைக் காறை, தற்காலிகக் கடினம் விட்டுப்போன அடையாளம். புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் அது கரைந்துவிடும்.

பாய்லரும் சோப்பும்

ஐரோப்பாவில் கடின நீர் அறிவியல் பாடமானதற்குக் காரணம் தொழிற்சாலை. நீராவி பாய்லரில் காறை படிந்தால் வெப்பம் உள்ளே போகாது, நிலக்கரி வீணாகும், சில சமயம் பாய்லரே வெடிக்கும். ஸ்காட்லாந்தின் அபெர்டீன் நகரப் பேராசிரியர் தாமஸ் கிளார்க் 1841ல் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். கடின நீரில் அளவாகச் சுண்ணாம்பு சேர்த்தால் தற்காலிகக் கடினம் போய்விடும் என்பது அது. சுண்ணாம்பால் வந்த தொல்லையைச் சுண்ணாம்பே தீர்க்கிறது! முள்ளை முள்ளால் எடுப்பது போல.

1905ல் ஜெர்மனியின் ராபர்ட் கான்ஸ் சியோலைட் முறையைக் கொண்டுவந்தார். கால்சியத்தை வாங்கிக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும் பொருள் அது. 1935ல் இங்கிலாந்தின் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர் செயற்கை ரெசினில் அதைச் செய்து காட்டினார்கள். இன்று வீடுகளில் பொருத்தும் சாஃப்டனர் இயந்திரம் இந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

ஜவ்வாது மலைப் பகுதிக்கும் நீராவி வந்தது. சென்னை ராயபுரத்தில் இருந்து 1856ல் ஓடத் தொடங்கிய ரயில் பாதை சில ஆண்டுகளில் ஜோலார்பேட்டையை எட்டியது. 1864ல் அங்கிருந்து பெங்களூர்ப் பாதை பிரிந்தது. நீராவி என்ஜின் நிலக்கரியை விட அதிகமாகக் குடிப்பது தண்ணீரைத்தான். எந்த நிலையத்தில் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்பது ரயில்வேக்குப் பெரிய கேள்வியாக இருந்தது.

கிளாஸ்கோ நகரம் எடுத்த வழி வேறு. 1859ல் கேட்ரின் ஏரியில் இருந்து மலை நீரைக் குழாயில் கொண்டுவந்தது. மென்னீர் என்பதால் வீடுகளில் சோப்புச் செலவு குறைந்தது என்று நகரம் மகிழ்ந்தது. ஆனால் மென்னீர் ஈயக் குழாய்களை அரித்துக் குடிநீரில் ஈயத்தைக் கலந்தது. 1970களில் இதன் தீவிரம் வெளிப்பட்டு, நீரில் சுண்ணாம்பு சேர்க்க வேண்டி வந்தது. மென்னீர் என்றால் குற்றமற்ற நீர் என்று அர்த்தம் இல்லை.

ஆழம் போன கதை

நம் ஊரில் பெரிய மாற்றம் 1960களுக்குப் பிறகு வந்தது. அதுவரை சுனை, ஓடை, ஏரி, திறந்த கிணறு இவைதான் நீர் ஆதாரம். 1967 பீகார் வறட்சியின்போது யுனிசெஃப் கடினப் பாறையைத் துளைக்கும் இயந்திரங்களை விமானத்தில் கொண்டுவந்தது. பத்து ஆண்டுகளில் இந்தியா மார்க் 2 என்ற கைப்பம்பு உருவானது. சென்னையின் ரிச்சர்ட்சன் அண்டு குரூடாஸ் நிறுவனம் அதன் உருவாக்கத்தில் பங்கு கொண்டது, கோயம்புத்தூர்ப் பகுதியில் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு அது உலகம் முழுக்கப் போனது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஓடின. மலை ஊர்களுக்கும் கைப்பம்பும் ஆழ்துளைக் கிணறும் வந்தன.

இதனால் நன்மை அதிகம். திறந்த கிணற்றில் இருந்த காலரா, நரம்புச் சிலந்தி போன்ற ஆபத்துகள் குறைந்தன. பெண்கள் நடக்கும் தூரம் குறைந்தது. ஆனால் ஆழத்தில் இருக்கும் நீர், பாறைப் பிளவுகளில் பல ஆண்டுகள் தங்கிய நீர். அது பாறையோடு நீண்ட காலம் பேசிவிட்டு வருகிறது. இருபது அடிக் கிணற்றில் பருப்பு வெந்த ஊரில், ஐந்நூறு அடி போரில் வேகாமல் போனது இப்படித்தான். நிலம் மாறவில்லை, நாம் தண்ணீர் எடுக்கும் ஆழம் மாறியது.

எதிர்ப்பக்கமும் உண்டு. மென்மையான, லேசான அமிலத் தன்மை உள்ள நிலத்தடி நீர் பம்பின் இரும்புக் குழாயை அரிக்கும். தண்ணீர் சிவப்பாக வரும், துணியில் கறை ஏறும். மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போன இந்தியா மார்க் 2 பம்புகளில் இந்தத் தொல்லை பெரிதாக வெளிப்பட்டது. ஓரிடத்தில் காறை, இன்னோரிடத்தில் துரு.

இதே காலத்தில்தான் சலவைத் தூள் வந்தது. 1959ல் சர்ஃப், 1969ல் நிர்மா. டிடர்ஜென்ட் கடின நீரிலும் நுரைக்கும். கடினத்தைக் காட்டிக்கொடுத்த சோப்பு ஓரங்கட்டப்பட்டது. தண்ணீர் கடினமாகிக்கொண்டே போன காலத்தில் அதைக் கண்டுபிடிக்கும் வழி வீட்டை விட்டுப் போனது.

கடினத்தை விடப் பெரிய ஆபத்து

1937ல் சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியில் முதுகு வளைந்து, மூட்டு இறுகிய மக்களை ஷார்ட் தலைமையிலான மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். குடிநீரில் இருந்த புளோரைடுதான் காரணம் என்று எழுதினார்கள். இந்தியாவில் புளோரைடு நோய் பற்றிய முதல் முக்கிய ஆய்வு அது.

ஜவ்வாது மலைக்கு மேற்கே தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இந்த நோய்க்குப் பெயர் பெற்றவை. இங்கே கவனிக்க வேண்டிய விஷயம்: கால்சியமும் புளோரைடும் ஒரே நீரில் அதிகமாகச் சேர்ந்து இருப்பது கடினம். இரண்டும் சேர்ந்து கால்சியம் புளோரைடாகப் படிந்துவிடும். அதனால் கால்சியம் குறைந்து சோடியம் மிகுந்த மென்னீரில்தான் புளோரைடு அதிகம் கரைந்து நிற்க முடியும். நன்றாக நுரைக்கும், பருப்பும் வேகும். ஆனால் குழந்தைகளின் பல்லில் மஞ்சள் கறை வரும். நாக்கும் சோப்பும் பருப்பும் இதைக் கண்டுபிடிக்காது. கொதிக்க வைத்தாலும் போகாது, நீர் ஆவியாவதால் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். சாஃப்டனரும் இதை எடுக்காது.

இதற்கு நாக்பூரின் நீரி நிறுவனம் 1970களில் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கும் நல்கொண்டா முறையைத் தந்தது. தமிழ்நாடு அரசு எடுத்த பெரிய வழி, தண்ணீரையே மாற்றுவது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு 2008ல் அடிக்கல் நாட்டி, 2013ல் தொடங்கி வைத்தார்கள். திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு பாதிப்புத் தடுப்பு என்பது இருக்கிறது.

மலையின் வடக்கே பாலாற்றங்கரையில் வேறொரு சோகம். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் பதனிடும் தொழிலின் உப்பும் கழிவும் ஆற்றையும் கிணற்றையும் கெடுத்தன. 1996 ஆகஸ்ட் 28ல் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கில்தான் மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக்கியது. ஆனால் கெட்ட கிணறு தீர்ப்பால் உடனே இனிப்பதில்லை. இந்தப் பகுதிக்கும் காவிரி நீர் மேட்டூர்ப் பக்கம் இருந்து குழாயில் வந்தது. 2019ல் சென்னை வறண்டபோது அந்தக் காவிரி நீரைத்தான் ஜோலார்பேட்டையில் ரயிலில் ஏற்றினார்கள். ஜூலை 12 அன்று 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் நீர் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. ஆறுகள் பிறக்கும் மலையின் காலடியில், வேறு மலையில் பிறந்த ஆற்றின் நீர் ரயில் ஏறியது.

வீட்டில் என்ன செய்யலாம்?

இன்று பெரும்பாலான வீடுகள் ஒரே மருந்தை நாடுகின்றன: ஆர்.ஓ. இயந்திரம். அது கால்சியம், புளோரைடு, உப்பு எல்லாவற்றையும் எடுக்கும். புளோரைடு உள்ள ஊருக்கும் உப்பு மிகுந்த ஊருக்கும் அது தேவைதான். ஆனால் சாதாரண வீட்டு இயந்திரம் ஒரு குடம் நீர் தரும்போது அதை விட அதிகமாக வெளியே தள்ளுகிறது. 2019 மே மாதம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குக் கீழ் உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடுக்க வேண்டும் என்று சொன்னது இதனால்தான்.

விற்பவர் கையில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரை நம்பி முடிவு செய்யக்கூடாது. அது மொத்த உப்பின் மதிப்பைக் காட்டுமே தவிர, கடினத்தையோ புளோரைடையோ தனியாகக் காட்டாது. இரண்டு கம்பிகளை நீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சி, "பாருங்க, எவ்வளவு அழுக்கு" என்று காட்டுவது இன்னும் மோசம். அந்தப் பழுப்பு நிறம் கம்பியின் இரும்பு அரித்து வருவது.

சோதிக்க எளிய வழி இருக்கிறது. மூன்று ஒரே மாதிரி பாட்டில் எடுங்கள். ஒன்றில் மழை நீர், ஒன்றில் வீட்டு நீர், ஒன்றில் வீட்டு நீரைக் கொதிக்க வைத்து, ஆற வைத்து, வடிகட்டியது. குளியல் சோப்பைக் கரைத்த நீர் (சலவைத் தூள் கூடாது) ஒவ்வொன்றிலும் ஒரே அளவு சில துளி விட்டுக் குலுக்குங்கள்.

* வீட்டு நீரும் மழை நீர் போலவே நுரைத்தால் கடினம் குறைவு. கடினத்துக்காக இயந்திரம் வேண்டாம்.
* கொதித்த நீர் மட்டும் நன்றாக நுரைத்தால் தற்காலிகக் கடினம். சமையலுக்கும் குடிக்கவும் கொதிக்க வைப்பதே போதும்.
* கொதித்தும் திரிந்தால் நிரந்தரக் கடினம். துவைக்கச் சலவை சோடா உதவும். குளியல், வாஷிங் மெஷினுக்குச் சாஃப்டனர் பொருந்தும். 100 மில்லிகிராம் கடினத்தை எடுக்கும்போது அது 46 மில்லிகிராம் சோடியத்தைச் சேர்க்கும். ரத்த அழுத்தத்துக்கு உப்பைக் குறைக்கச் சொன்னவர்கள் அந்த நீரைக் குடிக்காமல் இருப்பது நல்லது.
* புளோரைடுக்கு வீட்டுச் சோதனை இல்லை. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

கடின நீர் குடித்தால் சிறுநீரகத்தில் கல் வரும் என்ற பயம் பரவலாக உள்ளது. உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தை முன்னிட்டுக் கடினத்துக்கு எந்த எல்லையும் வைக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடலுக்குத் தேவையானவையே. கடினம் பெரும்பாலும் பாத்திரத்துக்கும் துணிக்கும் அடுப்புக்கும் வரும் தொல்லை. உயிருக்கு வரும் தொல்லை புளோரைடும் கிருமியும். இரண்டையும் குழப்பிக்கொண்டால், தேவையில்லாத வீடு இயந்திரம் வாங்கும், தேவையான வீடு சோதிக்காமல் இருந்துவிடும்.

செலவே இல்லாத மென்னீர் ஒன்றுதான், மழை. 2003ல் தமிழ்நாடு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. பலர் அதை நிலத்தடி நீர் மட்டம் உயர்த்தும் வேலை என்று மட்டும் நினைக்கிறார்கள். கிணற்றில் இறங்கும் மழை, உள்ளே இருக்கும் கடின நீரை நீர்க்கவும் வைக்கிறது. ஜவ்வாது மலையில் காடும் ஓடையும் சுனையும் செய்துகொண்டிருந்த வேலையும் அதுதான். மழையைப் பாறைக்குள் ஆழமாகப் போகும் முன்பே மனிதர் கைக்குக் கொடுத்தன. அந்தச் சுனைகள் வற்றினால் அதே மழையை ஐந்நூறு அடிக்குக் கீழிருந்து, கால்சியத்தோடு சேர்த்து, மின்சாரம் செலவழித்து எடுக்க வேண்டியிருக்கும். பிறகு அந்தக் கால்சியத்தை நீக்க இன்னொரு இயந்திரம் வாங்க வேண்டியிருக்கும்.